தேனீ சுமந்த ஸ்டீராய்டு

தேன்பெட்டியின் வாசலில் துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்துவது தேனீ வளர்ப்பவர்களின் பழைய உத்தி. தேனீயின் உடல் நுழையும் அளவுக்கே துளை இருக்கும். பின்னங்கால்களில் அது உருட்டி ஒட்டிக்கொண்டு வரும் மகரந்த உருண்டைகள் துளையின் விளிம்பில் உரசிக் கழன்று கீழே உள்ள தட்டில் விழும். ஓர் உருண்டையின் எடை சில மில்லிகிராம். தேனீக்கள் சேர்த்த அத்தகைய மகரந்தம் 227 கிலோவை 1970களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வேதியியலாளர்கள் எடுத்துக் கரைத்தார்கள். கனோலா எண்ணெய் தரும் கடுகு இனச் செடியின் மகரந்தம் அது. கரைத்து, வடித்து, பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, கடைசியில் அவர்கள் கையில் மிஞ்சிய வெள்ளைப் படிகமும் சில மில்லிகிராம்தான். ஏறக்குறைய கால் டன் மகரந்தத்திலிருந்து, ஒரு தேனீ ஒரு நடையில் காலில் ஒட்டி வரும் எடையளவு பொருள் கிடைத்தது.

அந்தப் படிகத்துக்குப் பிராசினோலைடு என்று பெயர். செடியும் ஸ்டீராய்டு ஹார்மோன் செய்கிறது என்பதற்குக் கையில் கிடைத்த முதல் சான்று. இதன் பிறந்த கதையை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஏனென்றால் இந்தப் பொருள் ஒரே தடவையில் பிறக்கவில்லை. 1979இல் அது பொருளாகப் பிறந்தது. ஹார்மோனாக உலகம் அதை ஏற்றுக்கொள்ள இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் நடந்ததுதான் கதையின் உயிர்ப்பகுதி.

ஸ்டீராய்டு என்ற சொல் நம் காதில் பெரும்பாலும் மருத்துவமனையிலோ விளையாட்டுச் செய்தியிலோ விழுகிறது. மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் மருந்து, மூட்டில் போடும் ஊசி, பரிசோதனையில் சிக்கிப் பதக்கத்தை இழந்த ஓட்டக்காரர். வேதியியலாளருக்கு அது ஓர் எலும்புக்கூட்டின் பெயர். நான்கு வளையங்கள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடுகள்போல ஒட்டி நிற்கும். மூன்று வளையங்களில் ஆறாறு கார்பன் அணுக்கள், நான்காவதில் ஐந்து. கொலஸ்ட்ரால் இந்த அமைப்புதான். நம் உடல் கொலஸ்ட்ராலைச் செதுக்கி டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், கார்டிசால் எல்லாம் செய்துகொள்கிறது. பூச்சிகளுக்கும் உண்டு. புழு தோலுரிக்கவும் கூட்டுப்புழுவாகவும் கட்டளையிடும் எக்டைசோனை 1954இல் ஜெர்மனியின் பூட்டெனாண்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது 25 மில்லிகிராம்.

விலங்குக்கு உண்டு, பூச்சிக்கு உண்டு. செடிக்கு? இந்தக் கேள்வி அதிகம் எழாமல் இருந்தது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருந்த ஸ்டீராய்டு ஒன்றை எடுத்துப் பெண்மை ஹார்மோனான புரோஜெஸ்டிரோனாக மாற்றிக் காட்டியிருந்தார். பிற்காலத்துக் கருத்தடை மாத்திரைக்கு வழிவிட்ட வேலை அது. செடிகளில் ஸ்டீராய்டு வகைப் பொருட்கள் மலிந்து கிடப்பது தெரிந்த செய்தி. ஆனாலும் செடி தன் சொந்த வளர்ச்சிக்கு அதைக் கட்டளையாகப் பயன்படுத்தக்கூடும் என்று எண்ணியவர்கள் குறைவு.

செடி ஹார்மோன்கள் கண்டுபிடிக்கப்பட்ட இடங்களே ஒரு தனிக் கதைத் தொகுப்பு. எத்திலீன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் விளக்கு வாயு கசிந்த ரஷ்ய ஆய்வுக்கூடத்தில் பட்டாணி நாற்றுகள் கோணிக்கொண்டு வளர்ந்ததிலிருந்து பிடிபட்டது. ஜிப்பரெல்லின், நெற்பயிரை நோஞ்சானாக நெட்டையாக்கிச் சாய்க்கும் பூஞ்சையிலிருந்து. அதைத் தைவானில் 1926இல் காட்டியவர் குரோசாவா. ஆக்சினை 1934இல் நெதர்லாந்தில் மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தார்கள். சைட்டோகைனின் குடும்பத்தின் முதல் பொருள் 1955இல் ஹெர்ரிங் மீனின் விந்தணு டி.என்.ஏ.வைச் சூடாக்கியபோது வந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் மகரந்தம் மிகவும் பொருத்தமான பிறப்பிடம். குறைந்தபட்சம் அது செடியின் பொருள்.

மகரந்தத்தைத் தேடிப் போனவர் ஜான் மிட்செல். மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில்லில் இருந்த வேளாண்மைத் துறை ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். சூல்முடியில் விழுந்த மகரந்தத் துகள் சில மணி நேரத்தில் நீளக் குழாய் விட்டுச் சூலகத்தை நோக்கி இறங்கிவிடும். இவ்வளவு வேகமாக வளரும் ஒன்றுக்குள் வளர்ச்சியைத் தூண்டும் ஏதோ இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. 1941இலேயே வைட்ஹெட் என்பவருடன் சேர்ந்து, மக்காச்சோள மகரந்தச் சாற்றைப் பீன்ஸ் செடியில் தடவினால் தண்டு நீள்கிறது என்று எழுதிவிட்டார். பிறகு அந்த எண்ணத்தை விடாமல் வைத்திருந்து, 1960களில் ஏறத்தாழ 60 வகைச் செடிகளின் மகரந்தங்களைச் சோதித்தார். அசிரத்தையாக ஒதுக்கிவிடத்தக்க சோதனை என்று அன்று பலர் நினைத்திருக்கலாம். எனக்கு இந்தப் பொறுமைதான் கதையின் முதல் முடிச்சாகத் தெரிகிறது.

சோதனை முறை எளிமையானது. இளம் பீன்ஸ் நாற்றின் இரண்டாவது கணுவிடையில், ஆட்டு ரோமக் கொழுப்பில் குழைத்த சாற்றைத் துளி தடவுவார்கள். சில நாளில் அந்தக் கணுவிடை எவ்வளவு நீண்டது என்று அளப்பார்கள். ஜிப்பரெல்லின் தடவினால் தண்டு நீளும், அவ்வளவே. மிட்செலின் சாறுகளில் சில வேறுவிதமாக நடந்துகொண்டன. தண்டு நீண்டது, கூடவே தடித்தது, வளைந்தது, அளவு கூடியபோது பிளந்தும் போனது. செல்கள் நீள்வது மட்டுமின்றிப் பெருகவும் செய்கின்றன என்று அர்த்தம். தெரிந்த எந்த ஹார்மோனின் கையெழுத்தும் அதில் இல்லை. கடுகு இனத்துக்குரிய பிராசிகா என்ற லத்தீன் பெயரிலிருந்து இதற்குப் 'பிராசின்' என்று பெயரிட்டு, 1970இல் நேச்சர் இதழில் புதிய ஹார்மோன் குடும்பம் என்று அறிவித்தார்கள். கட்டுரையாசிரியர்களில் நம் காதுக்குப் பழக்கமான பெயர் ஒன்றும் இருந்தது: மாண்டவா. நாகபூஷணம் மாண்டவா பின்னாளில் இந்தத் துறையின் முக்கியமான வரலாற்றுக் கட்டுரைகளையும் எழுதினார்.

அறிவிப்பு வந்ததும் மறுப்பும் வந்தது. 1973இல் அதே நேச்சர் இதழில் இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், பிராசின் என்பது கொழுப்பமிலங்கள் கலந்த எண்ணெய்ப் பிசுக்கு, இதைப் போய் ஹார்மோன் என்று அழைப்பது சரியா என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. தூய்மையான பொருள் கையில் இல்லாமல் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? அதற்கான பதில்தான் 227 கிலோ.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை ஊனப்பட்டுவிடும். மிட்செலின் கட்டுரைக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1968இல், நாகோயா பல்கலைக்கழகத்தின் மாருமோவும் கூட்டாளிகளும் இசுனோகி என்ற மரத்தின் இலைகளில் வளர்ச்சி ஊக்கி இருப்பதைக் கண்டு எழுதியிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய சோதனை நெற்பயிருடையது. நெல்லின் இலைத்தாளும் இலையுறையும் சேரும் மூட்டை வெட்டி, சாற்றில் மிதக்கவிடுவார்கள். ஊக்கி இருந்தால் மூட்டின் உள்புறச் செல்கள் பருத்து, இலை பின்னோக்கிச் சாயும். சாய்ந்த கோணத்தை அளந்தால் ஊக்கியின் வீரியம் தெரியும். 430 கிலோ பச்சை இலையிலிருந்து அவர்கள் மூன்று பொருட்களைப் பிரித்தார்கள்: 751 மைக்ரோகிராம், 236 மைக்ரோகிராம், 50 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம்கூட எட்டாத அளவுகள். அமைப்பைக் கண்டறிய அன்றைய கருவிகளுக்கு அது போதவில்லை. அவை இதே ஸ்டீராய்டு குடும்பம் என்பது வெகுகாலம் கழித்தே உறுதியானது. முதலில் தொட்டவர்கள் அவர்கள். பெயர் சொல்ல முடியாமல் போனது எடை போதாமையால்.

அமெரிக்காவில் எடை சேர்ந்தது. இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் வேளாண்மைத் துறையின் இன்னொரு ஆய்வுக்கூடம் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்ட அதே இடம். அங்கே மைக்கேல் குரோவ் தலைமையில் பிரிப்பு வேலை நடந்தது. ஒவ்வொரு படியிலும் கிடைத்த பகுதிகளைப் பீன்ஸ் செடியில் தடவிப் பார்க்க வேண்டும். எந்தப் பகுதி தண்டைப் பிளக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். எந்தக் கருவியும் இந்தப் பொருளை அடையாளம் காட்டாது, அதன் முகம் யாருக்கும் தெரியாதே. பீன்ஸ் நாற்றுதான் வழிகாட்டி.

படிகம் கிடைத்ததும் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் ஜூடித் ஃபிளிப்பன்-ஆண்டர்சன் அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி அணுக்கள் அமர்ந்திருக்கும் இடங்களைக் கணக்கிட்டார். நான்கு வளைய எலும்புக்கூடு தெரிந்தது. ஸ்டீராய்டு! அதிலும் ஒரு புதுமை. இரண்டாவது வளையத்துக்குள் ஓர் ஆக்சிஜன் அணு புகுந்து, ஆறாக இருக்க வேண்டியதை ஏழாக்கியிருந்தது. அப்படி ஒரு இயற்கை ஸ்டீராய்டை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. பூச்சிகளின் எக்டைசோனோடு அதற்கு நல்ல முகச்சாயல் இருந்தது. 1979இல் நேச்சரில் கட்டுரை வெளியானது. இரண்டு பக்கம்.

அடுத்த சில ஆண்டுகளில் வேதியியலாளர்கள் அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகக் கட்டினார்கள். 1982இல் ஜப்பானில் யோகோட்டாவும் தகாஹாஷியும் செஸ்ட்நட் மரத்தில் பூச்சியால் உண்டான முடிச்சுகளிலிருந்து காஸ்டாஸ்டிரோன் என்ற உடன்பிறப்பை எடுத்தார்கள். பிராசினோலைடுக்கு ஒரு படி முந்தையது அது. தேடிய செடியிலெல்லாம் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர் யாராவது இருந்தார்கள். மகரந்தத்திலும் முற்றாத விதையிலும் அதிகம், இலையிலும் தண்டிலும் வெகு குறைவு.

இத்தனைக்குப் பிறகும் செடி உடலியல் உலகம் பெரிதாக அசையவில்லை. நான் பள்ளியில் படித்த தாவரவியல் பாடத்தில் ஐந்து ஹார்மோன்கள்: ஆக்சின், ஜிப்பரெல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன். ஆறாவது என்ற பேச்சே இல்லை. பாடம் எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு பொருளை வெளியிலிருந்து தடவினால் செடி வளர்கிறது என்றால், அந்தப் பொருளுக்கு வீரியம் உண்டு என்பது மட்டுமே தெரியும். செடி தானே அதைச் செய்கிறதா, செய்தாலும் அதை நம்பி வாழ்கிறதா என்பது தெரியாது. கொடுத்துப் பார்ப்பதில் தெரியாத விஷயம் அது. எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பொருளைச் செய்ய முடியாத செடி ஒன்று வேண்டும். அப்படி ஒன்று ஏற்கெனவே ஓர் ஆய்வுக்கூடத்தின் தட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. அதை வளர்த்தவர்கள் ஸ்டீராய்டைத் தேடவே இல்லை. அவர்கள் வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

முளைப்பாரி வளர்த்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் புரியும். ஓட்டில் எரு பரப்பி, நவதானியம் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். நாற்று வெளிர் மஞ்சளாய், தண்டு சரசரவென நீண்டு, இலை விரியாமல் நெட்டுக்குத்தலாக எழும்பும். வெயிலில் விதைத்த அதே பயறு குட்டையாய், பச்சையாய், இலை விரித்து நிற்கும். மண்ணுக்குள் இருக்கும் முளைக்கு இந்த இருட்டு நடத்தை உயிர்ப் பிரச்சினை. இருக்கிற சேமிப்பையெல்லாம் தண்டின் நீளத்தில் செலவழித்து, மண்ணைத் துளைத்து வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த பின்தான் இலை, பச்சையம் எல்லாம்.

கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஜோன் கோரி என்ற உயிரியலாளர் இந்த முடிவைச் செடி எப்படி எடுக்கிறது என்று கேட்டார். இருட்டிலும் வெளிச்சத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும் செடிகளைத் தேடினார். அவருடைய சோதனைச் செடி அரபிடாப்சிஸ், கடுகுக் குடும்பத்தின் ஒரு சின்னக் களை. மகரந்தம் தந்ததும் கடுகுக் குடும்பம், சாட்சி சொல்லப் போவதும் கடுகுக் குடும்பம். மரபணுவில் பழுது ஏற்படுத்திய விதைகளை இருட்டில் முளைக்க வைத்தபோது, சில நாற்றுகள் நீளாமல் குட்டையாகவே நின்று, வெளிச்சம் கண்டதுபோல இலை விரித்தன. 1991இல் அவர் குழு எழுதிய இரண்டாவது வகைக்கு டெட்-2 என்று பெயர். வெளிச்சச் சேதியைக் கடத்தும் புரதம் ஏதோ கெட்டுவிட்டது என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

கோரியின் ஆய்வுக்கூடத்தில் ஜியான்மிங் லீ அந்த மரபணுவைத் தேடிப் பிடித்துப் படித்தார். வெளிச்சத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே தெரியவில்லை. மனித உடலில் டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான வடிவத்துக்கு மாற்றும் என்சைம் ஒன்று உண்டு. புரோஸ்டேட் வீக்கத்துக்கும் வழுக்கைக்கும் கொடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை தடுப்பது அதைத்தான். டெட்-2 அந்த என்சைமின் செடி உருவம். ஆக, இந்த நாற்று வெளிச்சத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அதற்கு ஸ்டீராய்டு செய்யத் தெரியவில்லை. செய்யத் தெரியாததால் இருட்டில் நீள முடியவில்லை.

தேவையானது ஒரே ஒரு சோதனை. பக்கத்திலேயே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் டிரெவர் மக்மோரிஸ் என்ற வேதியியலாளர் பிராசினோலைடைக் கட்டத் தெரிந்தவர். அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டையாக நின்ற டெட்-2 நாற்று நீண்டது. 1996இல் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் செல் இதழில் ஹங்கேரியின் செக்கெரஸ், ஜெர்மனியின் கோன்ஸ் குழுவினர் வேறொரு குட்டைச் செடியை எடுத்து, ஸ்டீராய்டு தயாரிப்பின் வேறொரு படி அதில் உடைந்திருப்பதைக் காட்டினார்கள். ஒரே ஆண்டில் இரண்டு இடத்திலிருந்து ஒரே பதில். ஆறாவது ஹார்மோனுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது.

மறு ஆண்டு நடந்த இன்னொரு சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மனிதனின் அந்த என்சைமுக்குரிய மரபணுவை எடுத்து டெட்-2 செடிக்குள் வைத்தார்கள். செடி வளர்ந்தது. மனிதனும் கடுகுக் களையும் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்குமேல் ஆகிறது. இருந்தும் நம் என்சைம் செடியின் ஸ்டீராய்டைத் தொட்டு, செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்தது.

செடி இதை எப்படித் தயாரிக்கிறது என்ற படிவரிசையைக் கண்டறிந்ததில் நம் வாசல்களில் பூக்கும் ஒரு செடிக்குப் பங்கு உண்டு. ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனத்தில் சகுராயும் ஃபுஜியோகாவும் நித்தியகல்யாணியின் செல்களைக் குடுவையில் வளர்த்தார்கள். காம்பெஸ்டிரால் என்ற சாதாரணச் செடிக் கொழுப்பில் தொடங்கி, அடையாளமிட்ட பொருளை ஒவ்வொரு கட்டத்திலும் ஊட்டி, அது என்னவாக மாறுகிறது என்று பின்தொடர்ந்து, பிராசினோலைடு வரைக்குமான பாதையை வரைந்தார்கள். டெட்-2 அந்தப் பாதையின் தொடக்கப் பகுதியில் நிற்கும் ஒரு படி.

ஹார்மோன் இருக்கிறது, சரி. அதைக் கேட்கும் காது எங்கே?

இதற்கு ஸ்டீவன் கிளவுஸ் என்பவரின் தேடல் உதவியது. பிராசினோலைடு அளவுக்கு மீறினால் வேரை வளரவிடாது. ஆகவே ஹார்மோன் கலந்த தட்டில் பழுதுபட்ட விதைகளை ஆயிரக்கணக்கில் முளைக்கவிட்டு, எதன் வேர் கட்டளைக்கு அடங்காமல் நீள்கிறது என்று பார்த்தார்கள். 1996இல் அப்படி ஒரு செடி கிடைத்தது. குட்டி முட்டைக்கோஸ் போலக் கரும்பச்சையாய்ச் சுருண்டு கிடந்தது. டெட்-2 பிறந்தது ஹார்மோன் இல்லாமல். இதற்கு ஹார்மோன் இருந்தது, காது கேட்கவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் அது நிமிரவில்லை.

1997இல் லீயும் கோரியும் இந்தச் செவிட்டுச் செடியில் கெட்டிருந்த மரபணுவைப் படித்தபோது இரண்டாவது வியப்பு. விலங்குகளில் ஸ்டீராய்டு, கொழுப்புத் தன்மை உள்ளதால், செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடும். அதைக் கேட்கும் ஏற்பிப் புரதம் உள்ளேதான் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்து உட்கருவில் டி.என்.ஏ.வின் மேலேயே அமர்ந்து மரபணுக்களை இயக்கும். செடியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். இங்கே கிடைத்த பி.ஆர்.ஐ.1 என்ற புரதமோ செல்லின் மேற்சவ்வில் பாதி வெளியே, பாதி உள்ளே என்று நிற்கும் வகை. 2000ஆம் ஆண்டு அரபிடாப்சிஸின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்தபோது, விலங்கு பாணியிலான ஸ்டீராய்டு ஏற்பி ஒன்றுகூட அதில் இல்லை என்பதும் உறுதியானது. நம் உடலில் ஸ்டீராய்டு உள்ளறைவரை உரிமையோடு வந்துபோகும் வீட்டு ஆள். செடியில் அது திண்ணையில் நின்று சேதி சொல்லிவிட்டுப் போகிற தபால்காரர். சேதி மட்டுமே உள்ளே போகிறது.

அந்தச் சேதி போகும் வழியைத் துண்டு துண்டாகக் கண்டுபிடிக்க ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. இப்போது தெரிந்ததை, தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஹார்மோன் இல்லாத நேரத்தில் செல் சும்மா இருக்கவில்லை. வளர்ச்சியைத் தடுத்து வைப்பதற்காக ஓயாமல் உழைக்கிறது. செல்லுக்குள் பி.இசட்.ஆர்.1 என்ற புரதம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். உட்கருவுக்குள் போனால் வளர்ச்சிக்கான மரபணுக்களை எழுப்பிவிடக்கூடியது அது. அதைப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளும் காவலாளி பின்-2 என்ற இன்னொரு புரதம். பி.இசட்.ஆர்.1 மேல் அது பாஸ்பேட் முத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குத்திவிடும். முத்திரை விழுந்த பி.இசட்.ஆர்.1ஐ வேறு புரதங்கள் பிடித்து உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கும். கொஞ்ச நேரத்தில் அது சிதைக்கப்பட்டுவிடும். சவ்வில் நிற்கும் ஏற்பியின் உள்பகுதியையும் ஒரு தடுப்புப் புரதம் பொத்தி வைத்திருக்கும்.

இப்போது பிராசினோலைடு வந்து சேர்கிறது. ஏற்பியின் வெளிப்பகுதி முறுக்குச் சுற்றுபோல வளைந்தது என்பதை 2011இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே எக்ஸ் கதிர்ப் படத்தில் கண்டன. அந்தச் சுற்றின் உள்பக்கத்தில் 70 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு திட்டு புடைத்து நிற்கிறது. அதன் ஓரப் பள்ளத்தில் ஸ்டீராய்டு போய்ப் பதிகிறது. முழுக்க மூழ்காமல் ஒரு பக்கம் வெளியே தெரியும்படி அமர்கிறது. அந்தத் தெரியும் பக்கத்தை வந்து பிடித்துக்கொள்வது பாக்-1 என்ற துணைப் புரதம். இரண்டு புரதங்களுக்கு நடுவே ஹார்மோன் பசைபோல ஒட்ட வைக்கிறது. இதே பாக்-1 நுண்கிருமி வந்தால் எச்சரிக்கும் வேறொரு ஏற்பிக்கும் துணை நிற்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வளர்ச்சிக்கும் தற்காப்புக்கும் செடி ஒரே ஆளைப் பகிர்ந்துகொள்கிறது.

வெளியே இரண்டும் ஒட்டியதும் சவ்வின் உள்பக்கத்தில் அவற்றின் வால்கள் நெருங்குகின்றன. பொத்தியிருந்த தடுப்பு கழல்கிறது. வால்கள் ஒன்றன்மேல் ஒன்று முத்திரை குத்தி விழித்துக்கொள்கின்றன. அங்கிருந்து சில இடைப்புரதங்கள் வழியாகச் சேதி கைமாறி, கடைசியில் பின்-2ஐச் செயலற்றதாக்கும் புரதத்துக்குப் போகிறது. காவலாளி விழுந்ததும், பி.இசட்.ஆர்.1 மேல் இருந்த முத்திரைகளை இன்னொரு என்சைம் துடைத்துவிடுகிறது. அது உட்கருவுக்குள் நுழைகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் அதன் பேச்சைக் கேட்கின்றன. செல்சுவரை நெகிழ்த்தும் புரதங்கள் உருவாகின்றன. தண்ணீர் புகுந்து செல் நீள்கிறது. முளைப்பாரி அறையின் இருட்டில் நாற்று ஒரு விரற்கடை உயர்ந்திருக்கிறது என்று மறுநாள் காலையில் நாம் காண்பதில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

ஆக ஹார்மோன் செய்வது ஒரு தடையை விலக்கும் வேலை. வண்டியைத் தள்ளவில்லை, சக்கரத்தடியில் வைத்த கல்லை எடுக்கிறது. உட்கருவுக்குள் போன பி.இசட்.ஆர்.1 இன்னொன்றும் செய்யும்: பிராசினோலைடு தயாரிக்கும் என்சைம்களின் மரபணுக்களை அடக்கிவிடும். வயிறு நிறைந்தால் அடுப்பை அணைக்கும் பழக்கம். பின்-2க்கு நம் செல்களிலும் நெருங்கிய உறவு உண்டு. சர்க்கரையைச் சேமிப்பதிலும் கருவின் வளர்ச்சியிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. தபால்காரர் நிற்கும் இடம் மாறினாலும் வீட்டுக்குள் வேலை செய்பவர்களில் சிலர் நமக்குத் தெரிந்தவர்கள்.

ஜோன் கோரி இந்தப் பயணத்தின் பாதியைப் பார்கின்சன் நோயோடு நடந்தார். 2018க்கான பிரேக்த்ரூ பரிசு அவருக்குக் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில், காற்றிலிருக்கும் கார்பனைப் பிடித்து வேருக்குள் நீண்டகாலம் பூட்டி வைக்கும் பயிர்களை உருவாக்கும் திட்டத்தில் மூழ்கியிருந்தார். 2024 நவம்பரில் காலமானார்.

இந்த ஹார்மோனின் ஓர் உறவான ஹோமோபிராசினோலைடு இன்று இந்தியாவில் வயலில் தெளிக்கும் கரைசலாகவும் விற்கிறது. செடி தனக்கு வேண்டியதைத் தானே செய்து, மிகுந்ததைத் தானே சிதைத்து, போதுமானபோது அடுப்பையும் அணைத்துவிடுவதால், தெளித்த பலன் வயலுக்கு வயல் மாறுகிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, ஹார்மோனைக் கூட்டாமல், அதையோ அதைக் கேட்கும் அளவையோ குறைத்த பயிர்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் உழவர்கள் உசு என்ற குட்டை பார்லியை நெடுங்காலமாக விதைத்துவந்தார்கள். காற்றுக்குச் சாயாது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த காரணம். அதன் ஏற்பி மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது 2003இல் வெளிச்சத்துக்கு வந்தது. பாதிக் காது கேட்கும் பார்லி.

பிறகு நெல். 1968இல் மாருமோ நெல்லிலை சாய்வதை வைத்து இந்தப் பொருளை மோப்பம் பிடித்த அதே நாகோயா பல்கலைக்கழகத்தில், 2000இல் மட்சுவோகாவின் குழு இலை சாயாத நெல்லை விவரித்தது. டி-61 என்று பெயர். நெல்லின் ஸ்டீராய்டு ஏற்பி அதில் பழுதாகியிருந்தது. 2006இல் ஹார்மோன் தயாரிப்பின் ஒரு படியை மட்டும் மட்டுப்படுத்திய வேறொரு நெல்லை ஜப்பானிய ஆய்வாளர்கள் நிலத்தில் நட்டுப் பார்த்தார்கள். பயிரின் உயரம் அதிகம் குறையவில்லை. இலைகள் மட்டும் வாள்போல நிமிர்ந்து நின்றன. வழக்கத்தைவிட நெருக்கி நட்டபோது, உரம் கூட்டாமலேயே, விளைச்சல் ஏறியது. மேலிலை சாயாததால் அடியிலை வரைக்கும் வெயில் இறங்கியிருந்தது.